பதினோரு குறைகள்

பயிற்சி நிலையத்தில் மேடத்துக்கு ஒரு பட்டப்பெயர் இருந்தது. கேள்விக்குறி. பத்து வருடத்துக்கு முன்னால் படித்துப்போன ஏதோ ஒரு குறும்புக்காரக் கூட்டம் வைத்த பெயர். போகும்போது அடுத்த கூட்டத்திடம் பத்திரமாக ஒப்படைத்துவிட்டுப் போனார்கள். மேடத்துக்கும் இது தெரியும். வெளியில் காட்டிக்கொள்ளாவிட்டாலும் உள்ளூர ஒரு பெருமைகூட உண்டு. ஆங்கில ஆசிரியராகப் போகிறவர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறவர் பதில் சொல்லக் கூடாது, கேள்விதான் கேட்க வேண்டும், பதில் அவர்கள் வாயிலிருந்தே வர வேண்டும் என்பது அவருடைய கொள்கை. கொள்கை என்றால் சும்மா இல்லை, உடும்புப்பிடி.

"மேடம், இந்தப் பாடத்தை எப்படி ஆரம்பிக்கிறது?" என்று யாராவது கேட்டால், "நீங்க அந்தப் பையனா இருந்தா எப்படி ஆரம்பிச்சாப் பிடிக்கும்?" என்பார். "போர்டுல எழுதணுமா, வேணாமா?" என்றால், "எழுதினா என்ன ஆகும், எழுதலேன்னா என்ன ஆகும்?" என்பார். வீட்டிலும் இதே கதைதான். "இன்னிக்கு உப்பு கம்மியா, இல்ல என் நாக்குதான் சரியில்லையா?" என்று கணவர் கேட்டால், "உங்களுக்கு என்ன தோணுது?" என்று வரும். மனிதர் பாவம், எழுந்துபோய் உப்பு டப்பாவை எடுத்துவந்து தட்டுக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்வார். கல்யாணமாகிப் பதினாலு வருடத்தில் அவர் தானாகக் கண்டுபிடித்த பதில் அது ஒன்றுதான்.

கேலி ஒருபக்கம் இருக்கட்டும். அந்த முறையால் பலன் இல்லை என்று யாராலும் சொல்ல முடியாது. முன்பெல்லாம் பயிற்சிக்கு வருகிறவர்கள் இங்கே எழுதிக்கொண்டதைப் பள்ளிக்கூடத்தில் போய் அப்படியே ஒப்பித்துவிட்டு வருவார்கள். பிள்ளைகள் கொட்டாவி விட்டபடி மணி எப்போது அடிக்கும் என்று பார்த்துக்கொண்டிருக்கும். மேடம் வந்தபிறகு நாற்காலிகளை வட்டமாகப் போட்டார்கள். ஒருவர் வகுப்பு எடுத்து முடித்தால் அதைப் பற்றி முதலில் பேச வேண்டியவர் எடுத்தவர்தான். என்ன நடந்தது, ஏன் நடந்தது, அடுத்த தடவை என்ன மாற்றுவேன் என்று அவரே சொல்ல வேண்டும். ஒரு தாளில் எழுதி, தனக்குத்தானே மதிப்பெண்ணும் போட்டுக்கொள்ள வேண்டும். மேடம் அதன் அடியில் கையெழுத்து மட்டும் போடுவார். தன் கருத்தைச் சொல்லி அதைக் கலைக்க மாட்டார். 'தானா கண்டுபிடிச்சதுதான் கடைசிவரைக்கும் கூட வரும்' என்பது அவர் அடிக்கடி சொல்வது.

கெட்டிக்காரர்கள் இரண்டே மாதத்தில் இதற்கு ஒரு கணக்கு வைத்துக்கொண்டார்கள். மூன்று நிறை, இரண்டு குறை, ஒரு தீர்மானம். தாள் லட்சணமாக இருக்கும். அந்தக் கணக்கு கடைசிவரை பிடிபடாமல் போனது ஒருவருக்குத்தான். அவர் டெய்லர் அக்கா.

அக்காவுக்கு மேடத்தைவிட இரண்டு வயது அதிகம். பத்தொன்பது வருடம் ஒரு சட்டைத் தொழிற்சாலையில் இருந்தவர். முதல் பத்து வருடம் தையல் மிஷின், அப்புறம் ஒன்பது வருடம் செக்கிங் மேஜை. தைத்து முடிந்த சட்டை அந்த மேஜைக்கு வரும். திருப்பி, உதறி, தையலை இழுத்துப் பார்க்க வேண்டும். குறை இருந்தால் அந்த இடத்தில் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர். குறை இல்லாவிட்டால் யாரும் ஒரு வார்த்தை பேச மாட்டார்கள், சட்டை பாட்டுக்குப் பெட்டிக்குப் போய்விடும். அங்கே ஒருவர் வந்து 'இது எப்படி இருக்கு?' என்று கேட்டால் எங்கேயோ தப்பு நடந்திருக்கிறது என்று அர்த்தம். பத்தொன்பது வருடம் அதில் ஊறிய மனம் அவருடையது.

இந்த வேலைக்கு நடுவில் தபால் வழியில் படித்து ஆங்கிலத்தில் பட்டம் வாங்கினார். சொல்லிக்கொடுத்தது ஒன்பதாவது படிக்கும் மகள். ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் தாயும் மகளும் ஒரே மேஜையில் எதிரெதிரே உட்கார்ந்து படிப்பார்களாம். மகள்தான் உச்சரிப்பைத் திருத்துவாளாம், தலையில் குட்டுவதுகூட உண்டாம். இதையெல்லாம் அக்காவே வட்ட நாற்காலியில் உட்கார்ந்து சொல்லி எல்லாரையும் சிரிக்க வைத்திருக்கிறார். "என் பொண்ணு அவ ஃப்ரெண்ட்ஸ் எல்லார்கிட்டயும் எங்கம்மா டீச்சராகப் போறாங்கன்னு தமுக்கடிச்சு வச்சிருக்கா. இனிமே நான் பின்வாங்கினா அவளுக்குத்தான் அசிங்கம்."

சேர்க்கைக்கு வயது வரம்பு நாற்பத்திரண்டு. அக்கா சேர்ந்தபோது நாற்பத்திரண்டு முடிய நாலே மாதம் பாக்கி. விண்ணப்பத்தைச் சரிபார்த்தது மேடம்தான். "இந்த வருஷத்தை விட்டா அவ்வளவுதாங்க மேடம், அடுத்த வருஷம் வாசப்படியைக்கூட மிதிக்க முடியாது" என்று நிலையத்துக் குமாஸ்தா அப்போதே சொன்னார். ஆக, அக்காவுக்கு இது ஒரே ஒரு வாய்ப்பு என்பது மேடத்துக்கு நன்றாகத் தெரியும். தெரியாமல் நடந்தது என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள வழியில்லை.

மூன்றாவது மாதம் ஒரு புதன்கிழமை. பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் ஏழாம் வகுப்பு, முப்பத்தாறு பிள்ளைகள். புகார்க் கடிதம் எழுதுவது எப்படி என்பது பாடம். இதைவிட உப்புச்சப்பில்லாத பாடம் அந்தப் புத்தகத்திலேயே கிடையாது. மேடம் கடைசி பெஞ்சில் நோட்டோடு உட்கார்ந்திருந்தார். அக்கா ஒரு பெரிய பையைத் தூக்கிக்கொண்டு மூச்சு வாங்க உள்ளே வந்தார். பைக்குள் பன்னிரண்டு சட்டைகள். பழைய தொழிற்சாலையில் கழித்துப் போட்டவற்றைக் கேட்டு வாங்கி வந்திருந்தார்.

மூன்று பிள்ளைகளுக்கு ஒரு சட்டை. நீங்கள் காசு கொடுத்து வாங்கினவர்கள், நான் தொழிற்சாலை முதலாளி, என்ன குறை என்று சொல்லுங்கள் என்று எளிமையான ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு, இடுப்பில் கையை வைத்துக்கொண்டு விறைப்பாக நின்றார் அக்கா. முதல் இரண்டு நிமிடம் வகுப்பு திருதிருவென்று விழித்தது. அப்புறம் ஒருவன் எழுந்து, "பட்டன் நோ" என்றான். "நோ, நோ, மை ஷர்ட் குட் ஷர்ட்" என்றார் முதலாளி, வீம்பாக. பிள்ளைகளுக்கு ரோஷம் வந்துவிட்டது. பட்டன் இல்லாத சட்டையை நல்ல சட்டை என்று ஒரு ஆள் கண்ணெதிரே சாதித்தால் சும்மா இருக்க முடியுமா? ஆளாளுக்கு எழுந்தார்கள். தெரிந்த வார்த்தையெல்லாம் வெளியே வந்தது. தெரியாத வார்த்தையைப் பக்கத்தில் இருந்தவனிடம் கேட்டு வாங்கிக்கொண்டு மறுபடி சண்டைக்கு வந்தார்கள்.

கடைசி வரிசையில், மேடத்துக்கு முன்னால், ஒரு சின்னப்பெண். அந்தப் பள்ளிக்கூடத்து ஆசிரியர்கள் அவளை ஊமைக்கிளி என்றுதான் சொல்வார்கள். வாயைத் திறந்து யாரும் பார்த்ததில்லை. போன மாதம் இதே வகுப்பில் மாதிரிப் பாடம் எடுத்தவர் மேடம். தன் இருபது வருட அனுபவம் அத்தனையும் இறக்கி அந்தப் பெண்ணிடம் விதவிதமாகக் கேள்வி கேட்டுப் பார்த்தார். அவள் கடைசிவரை தன் கால் கட்டைவிரலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இப்போது அந்தப் பெண் எழுந்தாள். கையில் இருந்த பெரிய சட்டையை யூனிஃபார்முக்கு மேலேயே மாட்டிக்கொண்டாள். நேராக முதலாளிக்கு முன்னால் போய் நின்று இரண்டு கையையும் நீட்டினாள். ஒரு கையில் சட்டை விரலையும் தாண்டித் தொங்கியது, இன்னொன்றில் மணிக்கட்டோடு நின்றுவிட்டது. "திஸ் ஹேண்ட் கம்" என்றாள். "திஸ் ஹேண்ட் நோ கம்."

முதலாளி இடுப்பிலிருந்து கையை எடுத்தார். குனிந்து இரண்டு கைகளையும் அளந்து பார்த்தார். "ஓ! ஸாரி மேடம்" என்றார் அந்தப் பதினோரு வயதுப் பெண்ணிடம். "ஐ வில் சேஞ்ச்."

"டுடே?" என்று கேட்டாள் ஊமைக்கிளி.

வகுப்பு கூரை பிய்ந்துபோகிற மாதிரி கை தட்டியது. மேடத்துக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. பேனாவை எடுத்து நோட்டில், 'இருபது வருடத்தில் நான் பார்த்த மிகச் சிறந்த வகுப்பு' என்று எழுதினார். எழுதிய மை காய்வதற்குள் ஒரு நினைப்பு குறுக்கே வந்தது. 'எனக்கு வாய் திறக்காத பெண் இவளுக்குத் திறந்துவிட்டாளே.' அவ்வளவுதான், அதற்கு மேல் அந்த நினைப்பை மேடம் வளரவிடவில்லை. ஆனால் நோட்டை மூடிவிட்டார்.

வகுப்பு முடிந்ததும் ஆய்வுக்கூடத்தில் இரண்டு ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார்கள். அக்கா உள்ளே வரும்போது முகமெல்லாம் பூரித்துப் போயிருந்தது. நெற்றி வேர்வையைக்கூடத் துடைக்கவில்லை. மேடம் வழக்கம்போல் கேட்டார்.

"உங்களுக்கு எப்படி இருந்துச்சுக்கா?"

அக்காவின் முகம் அப்படியே மாறியது. செக்கிங் மேஜையில் தப்பு நடந்தால் கேட்கிற கேள்வி அல்லவா? ஒரு நிமிடம் யோசித்தார். பிறகு விரல்விட்டு எண்ண ஆரம்பித்தார்.

"மணி அடிக்கிறதுக்குள்ள கடிதத்தை எழுத வைக்கலைங்க மேடம். அது ஒண்ணு. ரெண்டு, ஒரே சத்தம், பக்கத்து வகுப்பு டீச்சர் எட்டிப் பார்த்துட்டுப் போனாங்க. மூணு, அவங்க தப்புத் தப்பா பேசினதை நான் திருத்தவே இல்ல. நாலு, போர்டுல ஒரு எழுத்துக்கூட எழுதல…"

இப்படியே பதினோரு குறை சொன்னார். வீட்டுப்பாடம் கொடுக்க மறந்தது, நடுவில் தானும் சிரித்துவிட்டது, தொண்டை கட்டியது வரைக்கும் வந்துவிட்டது. அதில் ஒன்றுகூடக் குறையில்லை என்று மேடத்துக்குத் தெரியும். அந்தச் சத்தம்தான் பாடம். திருத்தாமல் விட்டதால்தான் அந்தப் பெண் பேசினாள். அதைச் சொல்ல ஒரு வாய் போதும். மேடம் சொல்லவில்லை. "வேற?" என்றார். அப்புறம், "அடுத்த தடவை என்ன மாத்துவீங்க?" என்றார். அக்கா தாளை எடுத்துப் பதினொன்றையும் எழுதி, பத்துக்கு மூன்று என்று மதிப்பெண் போட்டு நீட்டினார். மேடம் வழக்கம்போல் அடியில் கையெழுத்துப் போட்டார்.

இதுவரைக்குமாவது முறைமேல் பழியைப் போட்டுவிடலாம். அடுத்து நடந்ததற்கு அப்படிச் சொல்ல முடியாது. மேடம் மாடிப்படியில் இறங்கிக்கொண்டிருந்தபோது அக்கா பின்னாலேயே ஓடிவந்தார், பை தோளில் ஆட.

"மேடம், ஒரே ஒரு நிமிஷம். இந்த ஒரு தடவை மட்டும் கேள்வி கேட்காம நேரா பதில் சொல்லிடுங்க. எனக்கு இது வருமா, வராதா?"

பதில் தொண்டைவரை வந்துவிட்டது. வரும் அக்கா, எனக்குக்கூட இப்படி வராது என்று சொல்லியிருக்கலாம். அந்த 'எனக்குக்கூட' என்ற இடத்தில்தான் மேடத்துக்கு இடறியது. அந்த வார்த்தையை மென்று விழுங்கினார். நல்லவேளையாகக் கைக்கெட்டும் தூரத்தில் இருபது வருடப் பழக்கம் ஒன்று இருந்தது, அதற்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டார்.

"உங்களுக்கு என்ன தோணுதுக்கா?"

பிள்ளைகள் இரண்டு பேர் தடதடவென்று படியிறங்கி அவர்களைத் தாண்டிப் போனார்கள். "புரிஞ்சுதுங்க மேடம்" என்றார் அக்கா. சிரிக்கக்கூடச் செய்தார்.

மறுநாள் அக்கா வரவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. திங்கட்கிழமை தபாலில் ஒரு கடிதம் வந்தது. சொந்தக் காரணங்களால் விலகிக்கொள்வதாக நான்கு வரி, ஒரு பிழைகூட இல்லாத ஆங்கிலத்தில். குமாஸ்தா அதை மேடத்தின் மேஜையில் வைத்துவிட்டுப் போகாமல் நின்றார்.

"பதினஞ்சு நாளைக்கு இடம் அப்படியே இருக்கும் மேடம். அதுக்குள்ள வந்துட்டா இந்தக் காகிதத்தைக் கிழிச்சுப் போட்டுடலாம். தாண்டிட்டா காத்திருக்கிறவங்கள்ல அடுத்த ஆளைக் கூப்பிடணும். நீங்க ஒரு ஃபோன் போட்டா வந்துடுவாங்க."

"அவங்க முடிவை அவங்கதானே எடுக்கணும்?" என்றார் மேடம்.

குமாஸ்தா மேடத்தை ஒரு மாதிரி பார்த்தார். "எடுத்தது அவங்கதானா மேடம்?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். கேள்வி கேட்பது மேடத்துக்கு மட்டும் சொந்தமா என்ன? முகத்தில் அடித்த மாதிரி இருந்தது.

அன்றைக்கு வீட்டில் கணவரிடம் நடந்ததைச் சொன்னார். பொறாமையை விட்டுவிட்டு மற்றதையெல்லாம் சொன்னார். கணவர் சாப்பிட்டுக்கொண்டிருந்த கையை நிறுத்தினார். "நல்லா இருந்துச்சுன்னு சொல்ல வேண்டியதுதானே? அதுக்கு என்ன வந்துச்சு?" என்றார்.

பதினைந்து நாளில் ஆறு தடவை கைப்பேசியைக் கையில் எடுத்தார். முதல் தடவை, இப்போதுதானே விலகினார், யோசிக்க அவகாசம் கொடுப்போம் என்று வைத்தார். இரண்டாவது தடவை, கட்டாயப்படுத்திய மாதிரி ஆகிவிடும் என்று வைத்தார். இப்படி ஒவ்வொரு தடவையும் கௌரவமான ஒரு காரணம் கிடைத்தது. கௌரவமான காரணத்துக்குப் படித்தவர்களிடம் என்றைக்குப் பஞ்சம் இருந்திருக்கிறது? பதினாறாம் நாள் ஒரு இளைஞர் வந்து வட்டத்தில் அக்காவின் நாற்காலியில் உட்கார்ந்தார். நல்ல பையன், மூன்று நிறை இரண்டு குறைக் கணக்கை ஒரே வாரத்தில் பிடித்துக்கொண்டான்.

அக்காவின் வகுப்புக்கு ஒன்றரை மாதம் கழித்து, அந்த இளைஞரின் வகுப்பைப் பார்க்க மேடம் அதே ஏழாம் வகுப்புக்குப் போனார். கடைசி பெஞ்சில் உட்காரக்கூட இல்லை, ஊமைக்கிளி எழுந்து நின்றாள்.

"மிஸ், ஃபேன் நோ கம்" என்றாள் மேலே கையைக் காட்டி. பிறகு, அதிகாரமாக, "டுடே சேஞ்ச்?"

வாசலில் நின்றிருந்த வகுப்பாசிரியை தலையில் அடித்துக்கொண்டார். "அதை ஏன் கேட்கிறீங்க மேடம்! உங்க டெய்லர் வந்துட்டுப் போனதுலேருந்து இதுங்க வாயை மூட முடியல. பெஞ்சு ஆடுதுன்னு ஒரு கம்ப்ளைன்ட், தண்ணி சூடா இருக்குன்னு ஒரு கம்ப்ளைன்ட், எல்லாம் இங்கிலீஷ்ல. நேத்து ஹெட்மாஸ்டர் ரூமுக்கே நாலு பேரு போயிருக்காங்க. ஒரே ஒரு வகுப்பு எடுத்துட்டு இப்படிக் கிளப்பிவிட்டுட்டுப் போயிட்டாங்களே, அவங்க மறுபடி எப்ப வருவாங்க?"

மேடத்தால் அந்த வகுப்பு முழுவதும் ஒரு வரி எழுத முடியவில்லை. இளைஞர் என்ன எடுத்தார் என்பதே மனதில் ஏறவில்லை. ஒரு மணி நேரப் பாடம் ஒன்றரை மாதத்துக்குப் பிறகும் இந்தப் பிள்ளைகளின் வாயில் உயிரோடு இருக்கிறது. அதைச் செய்தவர் தனக்கு வராது என்று நினைத்துக்கொண்டு எங்கேயோ இருக்கிறார். தான் செய்த காரியத்தின் அளவு அப்போதுதான் மேடத்துக்கு முழுதாக உறைத்தது. மறுநாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுச் சட்டைத் தொழிற்சாலைக்குப் பஸ் ஏறினார்.

வாசலில் காவலாளியின் கூண்டு. அதில் ஒரு மரப்பெட்டி நிறையக் கைப்பேசிகள், ஒவ்வொன்றின் முதுகிலும் ஒட்டிய எண். உள்ளே கொண்டுபோக அனுமதி இல்லை, சாப்பாட்டு நேரத்தில் மட்டும் எடுத்துப் பேசலாம். மணி அடித்ததும் கூட்டம் வெளியே வந்தது. அக்கா கழுத்தில் அளவு நாடாவோடு வந்தார். மேடத்தைப் பார்த்ததும் ஒரு கணம் நின்று, பிறகு சிரித்த முகத்தோடு வந்தார்.

"வாங்க மேடம். என்ன இவ்வளவு தூரம்?"

மேடம் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்ததெல்லாம் மறந்துபோயிற்று. "அக்கா, உங்க வகுப்பு ரொம்ப நல்லா இருந்துச்சு. நான் பார்த்ததுலயே அதுதான் நல்ல வகுப்பு" என்றார்.

"அட, விடுங்க மேடம். படிப்பை விட்டுப் போனவங்களைப் பத்தி எல்லாரும் நல்லதாத்தான் சொல்வாங்க. ஆறுதல் சொல்லவா இவ்வளவு தூரம் வந்தீங்க?"

நம்பவில்லை. எப்படி நம்புவார்? இருபது வருடத்தில் யாரையும் வாய்விட்டுப் பாராட்டாதவர் ஒருநாள் வந்து பாராட்டினால் அதற்கு என்ன மரியாதை? மேடம் சுவரோரமாக அக்காவை உட்காரவைத்துத் தானும் உட்கார்ந்தார். அந்த வகுப்பை முதலிலிருந்து சொன்னார். பையை எந்தப் பக்கம் வைத்தார், முதலில் எழுந்தவன் யார், அவன் என்ன சொன்னான், அக்கா எந்த இடத்தில் இடுப்பிலிருந்து கையை எடுத்தார், ஊமைக்கிளி சட்டையை மாட்டும்போது பொத்தானை எப்படித் தப்பாகப் போட்டாள், அதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி அக்கா எப்படி இருந்துவிட்டார் என்று ஒன்றுவிடாமல் சொன்னார். நேற்று ஃபேனுக்கு வந்த புகாரையும் சொன்னார். அக்கா கையில் இருந்த சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலேயே கேட்டுக்கொண்டிருந்தார். கேட்கக் கேட்க அவர் கண் நிறைந்துவிட்டது.

"அப்போ நான் நல்லாத்தான் எடுத்தேனா?"

"ஆமா."

"இது அன்னிக்கே உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

அக்கா அளவு நாடாவைக் கழுத்திலிருந்து எடுத்து மடியில் போட்டார். குரல் மாறியிருந்தது. "இங்க சட்டை வந்தா ஒண்ணு ஸ்டிக்கர் ஒட்டுவோம், இல்ல பெட்டிக்கு அனுப்பிடுவோம். ரெண்டும் பண்ணாம யாரும் கையிலயே வச்சுக்கிட்டு நிக்க மாட்டோம் மேடம். படியில வச்சு வாய்விட்டுக் கேட்டேனே. ஏன் சொல்லல?"

"பொறாமை அக்கா" என்றார் மேடம். "அந்தப் பொண்ணு எனக்குப் பேசல. உங்களுக்குப் பேசிட்டா."

அக்கா அவரையே பார்த்தார். அப்புறம் யாரும் எதிர்பார்க்காத மாதிரி சிரித்துவிட்டார். "என்னைப் பார்த்தா? உங்களுக்கா?" என்றார். அந்தச் சிரிப்பு பாதியிலேயே அழுகையாகிவிட்டது. முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார். அவர் திட்டியிருந்தால்கூட மேடத்துக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

"நான் மேலிடத்துக்கு எழுதறேன் அக்கா. நடந்ததை நடந்தபடி எழுதறேன். தனியா ஒரு இடம் கேட்கறேன்."

"என்ன எழுதுவீங்க? என் வயசைக் குறைச்சு எழுதுவீங்களா? போன வாரத்தோட நாப்பத்திரண்டு முடிஞ்சுபோச்சு மேடம்." அக்கா எழுந்துகொண்டார். "இங்க மறுபடி சேர்த்துக்கிட்டதே பெரிசு. செக்கிங் மேஜை போயிடுச்சு. மறுபடி மிஷின்லதான் உட்கார்ந்திருக்கேன்."

மணி அடித்தது. டப்பா திறக்கப்படவே இல்லை. அக்கா உள்ளே போகத் திரும்பியவர், கூண்டுக்குப் போய்ப் பெட்டியிலிருந்து தன் கைப்பேசியை எடுத்து ஒரு எண்ணை அழுத்தி மேடத்தின் கையில் கொடுத்தார்.

"என் பொண்ணுக்கு இன்னிக்கு லீவு. நான் பெயிலாயிட்டேன்னுதான் அவகிட்ட சொல்லி வச்சிருக்கேன். அதுலேருந்து என்கூட இங்கிலீஷ்ல பேசறதையே நிறுத்திட்டா. நான் சொன்னா நம்ப மாட்டா, நீங்க சொல்லுங்க. பேசிட்டு ஃபோனை வாட்ச்மேன்கிட்ட கொடுத்துடுங்க."

அவர் கூட்டத்தோடு உள்ளே போய்விட்டார். கைப்பேசியில் ஒரு பெண்குரல், "அம்மா?" என்றது.

மேடம் தான் யார் என்று சொன்னார். பிறகு தயங்கித் தயங்கி, "எங்கம்மா ரொம்ப மோசமா எடுத்தாங்களா மேடம்?" என்று கேட்டது குரல்.

"இல்லம்மா. உங்கம்மா பெயிலாகல. நான் பார்த்ததுலயே நல்லா எடுத்தது உங்கம்மாதான்."

"நெஜமாவா?"

"நெஜம்."

"எனக்குத் தெரியும் மேடம்!" என்று துள்ளியது குரல். "நான் சொன்னேன், அவங்கதான் இல்லன்னுட்டாங்க. அவங்க நோட்டு, பை எல்லாம் அப்படியே எடுத்து வச்சிருக்கேன் மேடம். அப்போ நாளையிலேருந்து மறுபடி வருவாங்கல்ல?"

மேடம் கண்ணை மூடிக்கொண்டார். உள்ளே மிஷின்கள் ஒவ்வொன்றாக ஓடத் தொடங்கின.

"வர முடியாதும்மா."

"ஏன் மேடம்?"

காவலாளி தன் நாற்காலியை அவர் பக்கமாகத் தள்ளிப்போட்டார். மேடம் உட்காரவில்லை. நின்றபடியே, அந்தப் புதன்கிழமையிலிருந்து, எதையும் விடாமல் சொல்ல ஆரம்பித்தார்.